எம்பி பெரிசா, மேயர் பெரிசா? மட்டக்களப்பின் முதல் மேயர் இராசதுரை பற்றி ஒரு ஒப்படை

கல்லடி_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 9. குடியியற் கல்விப் பாடத்துக்கு ஒப்படை குடுத்திருக்காங்க: "உமது பிரதேச உள்ளூராட்சித் தலைவர் ஒருவரின் வாழ்வும் பணியும்", ரெண்டு பக்கம். நான் சும்மா இருக்கமாட்டாம, "முதல் மேயர் இராசதுரையைப் பத்தி எழுது மனே, ஆரும் எழுதமாட்டாங்க" எண்டு சொல்லிட்டன். இப்ப அவன் என்னைப் போட்டு வாட்டுறான்.

குறிப்பு எடுத்தது இவ்வளவு. பிறந்தது 1927 ஜூலை 27. தமிழரசுக் கட்சியில 1956ல மட்டக்களப்பு எம்பி, அப்ப வயசு 28. அதில இருந்து 1989 வரை எம்பி. 1967ல முதல் மேயர். 1979ல யூஎன்பிக்கு (ஐக்கிய தேசியக் கட்சி) மாறி அமைச்சர். மறுகா மலேசியாவுக்குத் தூதுவர். பட்டம் "சொல்லின் செல்வர்".

இதைப் பாத்துட்டு அவன் கேக்கான்: "அம்மா, எம்பி பெரிசா மேயர் பெரிசா? பதினொரு வருசம் எம்பியா இருந்த ஆள் ஏன் குப்பை அள்ளுற சபைக்கு வந்தவர்?" எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை குடுக்கணும்.

புளியந்தீவான்
எம்பிக்கு முந்தி வாகனப் பேமிட், மேயருக்கு குப்பை ட்ரக்டர். எது பெரிசெண்டு பொடியனே முடிவெடுக்கட்டும் 😄

கல்லடி_அம்மா
தம்பி, இதை எழுதினா எனக்குத்தான் பள்ளிக்கூடத்தில இருந்து கோல் வரும்.

பழைய_சைக்கிள்
தங்கச்சி, நான் அமிர்தகழி. 67ல எனக்குப் பதின்மூண்டு வயசு. மேயர் எண்டா என்னெண்டு எனக்கும் அப்ப தெரியா. இராசதுரை பேசுறார் எண்டா மட்டும் தெரியும்.

கூட்டம் பின்னேரம் எண்டு நோட்டீசில கிடக்கும். அவர் பேச ராவாகும். கடைசிப் பேச்சாளர் அவர்தான், அதுக்கு முன்னுக்குப் பேசுற ஆக்கள் பாவம். சனம் சோறு திண்டுட்டு ஆறுதலாத்தான் வரும். அப்பா சைக்கிள் பார்ல என்னை ஏத்திப் போவார். வாவிக்கரையில காத்துக்கு பெற்றோமக்ஸ் ஆடும், மரத்தில கட்டின லவுட்ஸ்பீக்கர் கறகறக்கும். எங்கட அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியா. அவ வெத்திலைத் தட்டத்தையும் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து, பாயைப் போட்டு முன்னுக்கு இரிப்பா. அரசியல் விளங்கிச்சோ தெரியா. "அவன்ட தமிழைக் கேளுங்கடா" எண்டுவா. அடுத்த நாள் விடிய மாவிடிக்கக்குள்ள, அவர் சொன்ன அடுக்குமொழியை அவவே திருப்பிச் சொல்லிக்கொண்டு இடிப்பா.

61ல கச்சேரி (அரசாங்க அதிபர்ட கந்தோர்) வாசல்ல தமிழரசுக் கட்சியின்ட சத்தியாக்கிரகம் நடக்கக்குள்ள எனக்கு ஏழு வயசு. கோட்டைக்குள்ளதான் கச்சேரி. ஊரில இருந்து சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போவாங்க. ஏப்ரல்ல அவசரகாலச் சட்டம் வந்து தலைவர்மாரைப் பிடிச்சுப் போட்டதோட அது முடிஞ்சுது. அதுக்கு ஆறு வருசத்தால, கச்சேரிக்கு முன்னால குந்தியிருந்த கட்சியின்ட எம்பி நகரத்துக்கே தலைவர். எங்கட அப்பா அதை ஒரு வெற்றியாத்தான் பாத்தவர்.

மகனுக்குச் சொல்லுங்க, அந்த நேரம் ஊருக்குள்ள ஆரும் "ஏன் மேயரானவர்" எண்டு கேக்கல்ல. "எங்கட ஊர் மாநகரமாப் போச்சு" எண்டுதான் கதை.

ஓய்வு_லிகிதர்
மேலே உள்ளவர் கடைசியாகச் சொன்ன வரியில்தான் விடை இருக்கிறது. கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உள்ளூராட்சித் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருசம் லிகிதராக இருந்தவன், நீட்டி எழுதுவது பழக்கதோசம்.

மட்டக்களப்பு 1967 வரை நகர சபை. அந்த வருசம்தான் மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. யாழ்ப்பாணம் 1949இலேயே மாநகரம் ஆகிவிட்டது. நாங்கள் பதினெட்டு வருசம் பிந்தித்தான் அந்தப் படியில் ஏறினோம். ஏன் 67இல்? அரசியல் பின்னணியைப் பாருங்கள். 1965இல் டட்லி சேனாநாயக்க அமைத்த தேசிய அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியும் சேர்ந்தது. கட்சி சார்பில் அமைச்சரவையில் இருந்தவர் செனட்டர் மு. திருச்செல்வம். அவருக்குக் கிடைத்த அமைச்சு எது? உள்ளூராட்சி. நகர சபையை மாநகர சபை ஆக்கும் கோப்பு போய்ச் சேரும் மேசை அது.

ஆக, அமைச்சர் தங்கள் கட்சி, எம்பி தங்கள் கட்சி, சபை தங்கள் ஊர். இந்த மூன்றும் ஒரு கோட்டில் வந்தது மட்டக்களப்பு வரலாற்றில் மிகக் குறுகிய காலம். 1968இல் திருகோணமலைக் கோணேசர் கோயில் புனித நகர் விவகாரத்தில் திருச்செல்வம் பதவி துறந்தார். அத்தோடு அந்தக் கோடு அறுந்தது.

ஆகவே பையனின் கேள்விக்கு என் பதில்: எம்பி பதவியை விட்டு அவர் மேயராக வரவில்லை. எம்பியாக இருந்துகொண்டே அந்தப் புதுக் கதிரையிலும் இருந்தார். முதன்முதலாக ஒரு நகரம் மாநகரமாகும்போது, அந்தக் கதிரையில் சின்ன ஆளை இருத்த எந்தக் கட்சியும் விரும்பாது.

கல்லடி_அம்மா
சேர், மிச்சம் நன்றி. இதை அப்பிடியே எழுதச் சொல்லவா?

ஓய்வு_லிகிதர்
அப்படியே எழுதினால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார் மகள். தரம் 9 பிள்ளை "கோடு அறுந்தது" என்று எழுதாது.

ஸ்காபரோ_மட்டுநகரான்
எல்லாரும் பாயில இருந்து கேட்ட கதை சொல்றீங்க. நல்லம். 79ஐ ஏன் ஒருத்தரும் தொடல்ல? தமிழரசுக் கட்சியும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணியில தமிழீழத்துக்கு வாக்குக் கேட்டு வெண்ட மனிசன், ரெண்டு வருசத்தில ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன பக்கம் போய் பிரதேச அபிவிருத்தி அமைச்சர். பிள்ளை அதையும் எழுதணும். வாழ்வும் பணியும் எண்டா முழுக்கத்தான்.

வெபர்_கிரவுண்ட்
முழுக்க எண்டா முழுக்கச் சொல்லுங்க அண்ணன். 79க்கு முதல் 77 கிடக்கு. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி, ஆளுக்கு ரெண்டு வாக்கு. இராசதுரை கூட்டணியின்ட உதயசூரியன்ல நிக்கார். அதே தொகுதியில கவிஞர் காசி ஆனந்தனை தமிழரசுக் கட்சியின்ட வீட்டுச் சின்னத்தில நிப்பாட்டினாங்க. ஒரே பக்கத்து ஆக்கள், ரெண்டு சின்னம், ஒரு ஊர். 56ல இருந்து வெண்டுகொண்டு வாற ஆளுக்கு அது எப்பிடி இரிந்திருக்கும்? முடிவென்ன? இராசதுரை முதலாவதா வந்தார், ரெண்டாவது யூஎன்பி வேட்பாளர், காசி ஆனந்தன் தோத்தார். ஒரே வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி சுவரெழுதிச் சண்டை பிடிச்ச எலக்சன் அது. எங்கட ஒழுங்கையில ரெண்டு குடும்பம் இப்பவும் கதைக்கிறல்ல.

ஸ்காபரோ_மட்டுநகரான்
கட்சிக்குள்ள பிரச்சினை எண்டா சுயேச்சையா இரிந்திருக்கலாம். அமைச்சர் கதிரை எதுக்கு?

வெபர்_கிரவுண்ட்
78 நவம்பர் 23 சூறாவளிக்கு நீங்க எங்க இரிந்தீங்க? தென்னை ஒண்டு நிமிர்ந்து நிண்டுதா? கூரை இரிந்துதா? அரசாங்கத்தில ஒரு ஆள் இரிக்கணும் எண்டு இஞ்ச நிறையப் பேர் நினைச்சாங்க. மூணு நாலு மாசத்தில அவர் மாறினார். ரெண்டையும் சேத்துப் பாக்கிற ஆக்களும் இரிக்காங்க, இல்ல அது சாட்டு எண்டு சொல்ற ஆக்களும் இரிக்காங்க. நான் முதல் கட்சி.

ஸ்காபரோ_மட்டுநகரான்
சூறாவளிக்கு நான் இருதயபுரத்திலதான் இரிந்தன், மேசைக்குக் கீழ. தகரம் பறந்து எங்கட அக்காட காலை வெட்டினது. அந்த ராவை எனக்குப் படிப்பிக்க வேணாம்.

மட்டுறுத்துநர்
ரெண்டு பேரும் ஒள்ளுப்பம் தண்ணி குடியுங்க. 'துரோகி', 'தியாகி' எண்ட ரெண்டு சொல்லும் இந்த இழையில வேணாம். அந்தச் சொல் வந்த நாலு பதிவை எடுத்திட்டன். பிள்ளையின்ட ஒப்படை இது.

ஓய்வு_லிகிதர்
சண்டைக்குள் ஒரு நல்ல விசயம் தப்பிப் போகிறது. அவர் மாறுவதற்காக நாட்டின் அரசியலமைப்பையே திருத்தினார்கள். 1978 யாப்பின்படி கட்சியை விட்டால் பாராளுமன்ற ஆசனமும் போகும். 1979 பெப்ரவரியில் வந்த இரண்டாவது திருத்தம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. மட்டக்களப்பு எம்பி ஒருவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் யாப்புத் திருத்தம் வேறு இல்லை.

மகளுக்கு இன்னொன்று. 1977இல் தெரிவானவர் 1989 வரை எப்படி எம்பி என்று ஆசிரியர் கேட்பார். 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தை நீட்டினார்கள். 1983இல் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யச் சொன்ன ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு கூட்டணி எம்பிக்கள் ஆசனம் இழந்தார்கள். அரசாங்கப் பக்கம் இருந்த இவருடையது இருந்தது. இதை வாழ்த்தாகவும் எழுதலாம், குற்றமாகவும் எழுதலாம். பையன் தகவலாக எழுதட்டும்.

தேத்தண்ணிக்கடை_பெஞ்ச்
அமைச்சரா இரிந்து செஞ்சதுல ஒண்டு கண்ணுக்கு முன்னால கிடக்கு. கல்லடியில விபுலானந்தர் பேரில இசை நடனக் கல்லூரி, 1982. இப்ப கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட நிறுவகம். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமும் அவர்தானே கொண்டுவந்தது?

வந்தாறுமூலை_வாசி
இல்லை. 1981ல வந்தாறுமூலையில பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கக்குள்ள எங்கட கல்குடாத் தொகுதி எம்பி தேவநாயகம். அவரும் யூஎன்பி அமைச்சர்தான், ஜே.ஆரின்ட முதல் நீதி அமைச்சர். எங்கட பக்கத்தில அந்தப் பேர் அவருக்குத்தான். ஒரு மாவட்டத்தில ரெண்டு தமிழ் அமைச்சர் இரிந்தா இப்பிடித்தான், எல்லாக் கல்வெட்டுக்கும் ரெண்டு சொந்தக்காரர். பிள்ளை இதை மாறி எழுதினா எங்கட ஊர் ரீச்சரிட்ட மாட்டும்.

மருதமுனை_நானா
அஸ்ஸலாமு அலைக்கும். நான் அம்பாறை மாவட்டத்து ஆள், ஆனா 61க்கு முதல் நாங்களும் மட்டக்களப்புத்தான், அதால உரிமையோட உள்ள வாறன்.

மேடைப் பேச்சு எண்டு வந்தா எங்கட ஊர்ப் பேரையும் சொல்லோணும். மசூர் மௌலானா, மருதமுனை. செனட்டரா இரிந்தவர். அவர்ட தமிழைக் கேக்க இந்துக் கோயில் திருவிழாவிலயும் கூப்பிடுவாங்க, பள்ளிவாசல்லயும் கூப்பிடுவாங்க. செனட் 71ல இல்லாமப் போச்சு. அதுக்குப் பிறகு எத்தனையோ வருசம் கழிச்சு, நல்லா வயசு போன காலத்தில அவர் கல்முனை மேயர். இராசதுரை நாப்பது வயசில மேயராகி மேல போனவர். இவர் மேல இரிந்து கடைசியில மேயருக்கு வந்தவர். எங்கட வாப்பா செல்லுவார், "ரெண்டு பேரும் ஒரே மேடையில ஏறினா சனம் வீட்டுக்குப் போகாது" எண்டு.

அதனால மகனுக்கு என்ட பதில்: ஆளைப் பொறுத்துத்தான் கதிரை பெரிசு.

புளியந்தீவான்
நானா, இது பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரிக் கிடக்கு. ஒண்டையும் சொல்லாம எல்லாரையும் சந்தோசப்படுத்திட்டீங்க.

மருதமுனை_நானா
தம்பி, மருதமுனையான் கைத்தறி நெய்யிறவன். ரெண்டு பக்கமும் நூல் ஓடினாத்தான் சாறன் வரும் 😀

அக்கரைப்பற்று_அலை
லிகிதர் ஐயா சொன்ன "அமைச்சர் மேசை" கதை 67ஓட முடியல்ல. எங்கட அக்கரைப்பற்று 2011ல மாநகர சபையாச்சு. அப்ப உள்ளூராட்சி அமைச்சர் ஆர்? அதாவுல்லா. எந்த ஊர்? அக்கரைப்பற்று. நாப்பத்தி நாலு வருசம் கழிச்சு அதே சூத்திரம். கல்முனை 2001ல மாநகரமாச்சு. பிறகு சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை வேணுமெண்டு எத்தனை ஊர்வலம். 2020 பெப்ரவரியில வர்த்தமானி வந்து, சாய்ந்தமருதில வெடி கொளுத்தின சத்தம் ஓயறதுக்குள்ள அதை நிப்பாட்டினாங்க. ஒரு பலகையில "மாநகர சபை" எண்டு எழுதறதா "நகர சபை" எண்டு எழுதறதா எண்டதுக்கு இஞ்ச ஊரே ராத்தூக்கம் விட்டிரிக்கு. மேயர் சின்னப் பதவி எண்டு ஆர் சொன்னது?

மருதமுனை_நானா
2011ல கல்முனையில ஒரே கட்சிக்குள்ள ரெண்டு பேர் காலத்தைப் பங்கு போட்டு, 2013ல நாற்காலி கைமாறினதை மறந்திட்டீங்க. சின்னப் பதவியை ஆரும் பாதி பாதியாப் பிரிக்கமாட்டாங்க.

நாவற்குடா_இளசு
நான் கொஞ்சம் இப்பத்தய கதை சொல்றன், எல்லாரும் 60, 70ல நிக்கிறீங்க.

2018ல மட்டக்களப்பு மாநகர சபைக்கு 38 உறுப்பினர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 17. கூடின கட்சி அவங்கதான், ஆனா அறுதிப் பெரும்பான்மை இல்லை. சரவணபவன் மேயரானார். இப்ப முறை அப்பிடித்தான், எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல இல்லாட்டி முதல் கூட்டத்தில உறுப்பினர் வாக்குப் போட்டு எடுப்பாங்க. சனம் நேராத் தெரிவுசெய்யறல்ல. அதுக்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் பாதீடு எண்டா நெஞ்சு அடிக்கும். யாழ்ப்பாணத்தைப் பாருங்க, 2020 டிசம்பர்ல பாதீடு ரெண்டு தரம் தோத்து ஆர்னோல்ட் மேயர் பதவி இழந்தார், மணிவண்ணன் வந்தார். ஒரே ஒரு கணக்குக் கொப்பி மேயரை வீட்டுக்கு அனுப்பும். எம்பிக்கு அப்பிடி ஒண்டும் இல்லை.

மத்தது, சனத்துக்கு மேயர்ட எல்லை தெரியா. குழாயில தண்ணி வரல்லையா, மேயர். கரண்ட் போச்சா, மேயர். பிரதான வீதியில குழியா, மேயர். ஆனா தண்ணி நீர் வழங்கல் சபை, கரண்ட் மின்சார சபை, பெரிய றோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபை. மேயர்ட கையில கிடக்கிறது உள் ஒழுங்கை, வடிகான், தெருவிளக்கு, சந்தை, குப்பை, நூலகம், மயானம், கட்டட அனுமதி. பிறந்த பிள்ளையைத் தொட்டிலாட்டுற பூங்காவில இருந்து புதைக்கிற இடம் வரை. இதைப் பாத்தா எம்பியை விட மேயர்தான் சனத்துக்குக் கிட்ட.

கோட்டைமுனை_ராணி
இளசு, ஒண்டு விட்டிட்டீங்க. 2008 மார்ச் 10 தேர்தல். மட்டக்களப்பில 94க்குப் பிறகு வந்த முதல் உள்ளூராட்சித் தேர்தல் அது. அதில சிவகீதா பிரபாகரன் மேயர். ஒரு பொம்பிளை. அந்த நேரம் ஊர் இரிந்த இருப்புக்கு, ராவையில வாசல்ல லைட் போடவே பயம், தேர்தல்ல நிக்கிறதெண்டா சும்மாவா? யாழ்ப்பாணத்தில 98ல சரோஜினி யோகேஸ்வரன் மேயரா இரிந்தே கொல்லப்பட்டவ. அவக்குப் பிறகு வந்த சிவபாலனும் அதே வருசம். மேயர் கதிரை எண்டா உயிரைப் பணயம் வைக்கிற கதிரையா இரிந்த காலம் ஒண்டு கிடக்கு. அதைச் சின்னது பெரிசெண்டு எந்த அளவுகோலால அளக்கிறது?

இப்ப உள்ளூராட்சியில பொம்பிளையளுக்கு 25 வீதம் எண்டு சட்டம். 2018ல எங்கட வட்டாரத்துக்கு வந்த மனிசி முதல் வேலையா என்ன செஞ்சா தெரியுமா? மீன் சந்தைக்குள்ள பொம்பிளையளுக்கு ஒரு மலசலகூடம் கேட்டா. அதுவரைக்கும் அந்தச் சந்தையில இருபது வருசமா மீன் வெட்டுற பொம்பிளைகள் எங்க போனாங்க எண்டு ஒரு ஆம்பிளையும் யோசிக்கல்ல.

பழைய_சைக்கிள்
ராணி சொன்னது சரி. 94க்கும் 2008க்கும் இடையில மேயர் எண்ட சொல்லே எங்களுக்கு மறந்து போச்சு. விசேட ஆணையாளர் எண்டுதான் கடிதம் எழுதுவம். 2023 மார்ச்சில சபைகள் கலைஞ்ச பிறகு 2025 மே தேர்தல் வரைக்கும் மறுகா அதே கதை.

ஓய்வு_லிகிதர்
ஒரு சம்பவம் சொல்லிவிட்டு ஒதுங்குகிறேன். நான் வேலை செய்த சபைகளில் ஒன்று. எந்த ஊர், எந்தச் சபை என்று கேட்கப்படாது.

புதிதாக ஒரு தலைவர் வந்தார். முதல் வாரமே காலை ஐந்தரைக்கு யாட்டில் நிற்கிறார், சாரமும் சேட்டும். சுகாதாரத் தொழிலாளர் வரவு எடுக்கிற நேரம் அது. மேற்பார்வையாளருக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் இடாப்பில் இருபத்தாறு பெயர், யாட்டில் பத்தொன்பது பேர். தலைவர் ஆட்களை எண்ணவில்லை. விளக்குமாற்றை எண்ணினார். ஒவ்வொன்றாகத் தூக்கி, ஈர்க்கைத் தட்டிப் பார்த்து, நிலத்தில் இரண்டு இழுவை இழுத்துப் பார்த்து வைத்தார். மாதம் நூறு விளக்குமாறு வாங்கியதாக பில் போயிருந்தது. அங்கே கிடந்தது பதினொன்று, அதிலும் நாலில் ஈர்க்கு இல்லை, பிடி மட்டும். ஒரு தொழிலாளி அம்மா சொன்னார்: "ஐயா, நாங்க எங்கட வீட்டு விளக்குமாத்தைக் கொண்டு வந்துதான் றோட்டுக் கூட்டுறம்."

அவர் சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டு பில் புத்தகத்தைக் கேட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் என் கையெழுத்தும் இருந்தது. கணக்குச் சரி பார்த்தேன் என்ற கையெழுத்து. பில்லைத்தான் பார்த்தேன், விளக்குமாற்றைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை களஞ்சியத்துக்குப் போகாமல் நான் ஒரு வவுச்சரிலும் கையெழுத்து வைத்ததில்லை.

அந்தத் தலைவர் பேச்சாளர் இல்லை. மேடையில் ஏறினால் திக்குவார். அடுத்த தேர்தலில் தோற்றுப் போனார். சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வரி) நிலுவையை இறுக்கிப் பிடித்ததில் ஊரில் பாதிப்பேருக்கு அவர்மேல் கோபம்.

வெபர்_கிரவுண்ட்
சோலைவரி கேட்ட ஆள் எங்க வெண்டது!

ஸ்காபரோ_மட்டுநகரான்
ஐயா, உங்கட பதிவை மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். இஞ்ச ஸ்காபரோவில மேயர்ட பேர் எனக்குத் தெரியும், முகம் தெரியும், ஆனா பனி அள்ள வண்டி பிந்தினா மட்டும்தான் அந்தாளை நினைக்கிறன். ஊரில இரிக்கக்குள்ள அப்பிடி இல்லை. எங்கட ஐயா இராசதுரையின்ட படத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சிருந்தவர். 79ல அதைக் கழட்டினார். கழட்டினவர் எறியல்ல. றங்குப் பெட்டிக்குள்ள, அம்மாட கூறைச் சாரிக்குக் கீழ வைச்சவர். 90ல நாங்க வீட்டை விட்டு ஓடக்குள்ள பெட்டியும் போச்சு. அதுதான் எனக்கு அந்த ஆளில கோபம் கூட. வேற ஆரும் மாறியிரிந்தா எங்கட ஐயா படம் கழட்டியிருக்கமாட்டார், படமே இரிந்திருக்காது.

வெபர்_கிரவுண்ட்
அண்ணன், முந்திச் சூடாக் கதைச்சிட்டன். குறை நினைக்காதீங்க.

ஸ்காபரோ_மட்டுநகரான்
ஊருக்கு வந்தா ஒரு பிளேன்ரீ வாங்கித் தாங்க, சரியாப் போயிடும். கருத்து மாறாது.

தேத்தண்ணிக்கடை_பெஞ்ச்
கடை என்ட. இலவசம். ரெண்டு பேருக்கும்.

கல்லடி_அம்மா
எல்லாருக்கும் நன்றி. ராவைக்கு மகனை இருத்தி எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். விளக்குமாத்துக் கதையில சிரிச்சான், மறுகா "அந்த லிகிதர் தாத்தாக்கு வேலை போகல்லையா" எண்டு கவலைப்பட்டான். அவனே எழுதினதில ஒரு பந்தியை இஞ்ச போடுறன். பிழை இருந்தாச் சொல்லுங்க, நான் ஒண்டும் திருத்தல்ல:

"திரு. செ. இராசதுரை அவர்கள் 1956 இல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1967 இல் மட்டக்களப்பு நகர சபை மாநகர சபையாக மாறியது. அப்போது உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவரும் அவருடைய கட்சி. அதனால் அவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 1977 இல் அவருடைய கட்சியின் ஆட்களே இரண்டு சின்னத்தில் போட்டியிட்டார்கள். 1979 இல் அவர் வேறு கட்சிக்கு மாறி அமைச்சரானார். இதனால் சிலர் அவருடைய படத்தைக் கழற்றினார்கள். ஆனால் எறியவில்லை."

ஓய்வு_லிகிதர்
ஒரு எழுத்தையும் தொடாதீர்கள்.

ஸ்காபரோ_மட்டுநகரான்
ஓம். தொடாதீங்க.

வந்தாறுமூலை_வாசி
தேவநாயகத்தை விட்டிட்டான். பரவாயில்லை, மேயர் இல்லைத்தானே.

கல்லடி_அம்மா
*(பத்து நாளுக்குப் பிறகு)*
ஒப்படை வந்திட்டு. இருபதுக்குப் பதினேழு. ரீச்சர் "மேயர்" எண்டு எழுதின இடமெல்லாம் சிவத்தப் பேனையால வட்டம் போட்டு "மாநகர முதல்வர் என எழுதவும்" எண்டு போட்டிருக்கா. தலைப்பையும் திருத்திட்டா. இப்ப கொப்பியில கிடக்கிறது: "மட்டக்களப்பின் முதல் முதல்வர்".

மகன் அதைப் பாத்துட்டு, "அம்மா, ரெண்டாவது ஆள் வந்தா ரெண்டாம் முதல்வரா?" எண்டு கேக்கான். அடுத்த தவணை "பிரதேச செயலாளரின் கடமைகள்".

புளியந்தீவான்
மட்டுறுத்துநர், இந்த இழையைப் பூட்டிப் போடாதீங்க. லிகிதர் ஐயாவை மறுகா தேடவேண்டி வரும்.